தோற்காத அணிக்கு ஏன் பட்டம் இல்லை? அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் எளியவர்களின் இறுதிப் போட்டி

2017 டிசம்பர் 2, சனிக்கிழமை. ஃப்ளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகரில் ஒரு கல்லூரிக் கால்பந்து இறுதிப் போட்டி நடந்தது. சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் 62 புள்ளிகள், மெம்ஃபிஸ் பல்கலைக்கழகம் 55. ஜெயித்த அணி அந்த ஆண்டு ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. இதற்குப் பிறகு மிச்சமிருந்த ஒரே ஆட்டத்திலும் தோற்கவில்லை. 13 ஆட்டம், 13 வெற்றி. முதல் தரத்தில் ஆடும் 130 கல்லூரி அணிகளில் அந்த ஆண்டை இப்படி முடித்தது இது ஒன்றுதான். ஆனாலும் தேசிய சாம்பியன் என்ற பெயர், நடுவில் ஓர் ஆட்டத்தில் தோற்றிருந்த அலபாமா பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று.

இது எப்படி நடக்க முடியும்? எல்லோரையும் வென்றவன்தானே சாம்பியன்? அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கூடக் கேட்கும் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால், அந்த விளையாட்டின் பாதி புரிந்துவிடும். ஆட்ட விதிகளை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். அதைச் சுற்றி எழுப்பியிருக்கும் ஏற்பாடுதான் புதியவர்களைக் குழப்புகிறது.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் கால்பந்து என்றாலும் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். ஒரு பக்கத்துக்கு 11 பேர், 100 கஜ நீளத் திடல். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கஜம் முன்னேறினால் இன்னும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். முன்னேற முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும். பந்தோடு கடைசி எல்லையைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளிகள். அதன்பின் பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் இன்னொரு புள்ளி. எல்லைவரை போக முடியாதபோது தூரத்திலிருந்தே உதைத்துக் கம்பங்களுக்கு இடையே அனுப்பினால் 3 புள்ளிகள், அது ஃபீல்டு கோல். பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். இவ்வளவு தெரிந்தால் போதும்.

அடுத்து, ‘புரோகிராம்’ என்ற சொல். அமெரிக்கர்கள் கல்லூரி அணியைப் பற்றிப் பேசும்போது ‘டீம்’ என்பதைவிட ‘புரோகிராம்’ என்றுதான் அதிகம் சொல்வார்கள். அணி என்பது இந்த ஆண்டு ஆடும் பையன்கள். அவர்கள் நான்கைந்து ஆண்டில் படிப்பை முடித்துப் போய்விடுவார்கள். புரோகிராம் என்பது அவர்களுக்குப் பின்னால் நிலைத்து நிற்கும் எல்லாமும்: பயிற்சியாளர்கள், மைதானம், பள்ளி பள்ளியாகப் போய் மாணவர்களைத் தேடிப் பிடிக்கும் ஆட்கள், பணம் கொடுக்கும் பழைய மாணவர்கள், தொலைக்காட்சி வருமானம், தாத்தா காலத்திலிருந்து கதை கதையாகச் சொல்லப்படும் வெற்றிகள். ஆகவே ஓர் அணியை ‘அண்டர்டாக்’ என்றால் இன்றைய ஆட்டத்தில் அது தோற்கும் என்று எதிர்பார்க்கிறார்கள் என்று பொருள். ஒரு புரோகிராமையே அப்படிச் சொன்னால் அதன் கனம் வேறு. அந்தக் கல்லூரி எந்தப் பந்தியிலும் கடைசி வரிசையில்தான் உட்கார வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகிவிட்டது என்று அதற்குப் பொருள்.

அந்த வரிசையை முடிவு செய்வது கான்ஃபரன்ஸ். மாநாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பத்துப் பன்னிரண்டு கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கூட்டணிக்கு இந்தப் பெயர். 2017இல் முதல் தரத்தில் 10 கான்ஃபரன்ஸ்கள் இருந்தன. அவற்றில் ஐந்துக்கு ‘பவர் ஃபைவ்’ என்று பெயர். அலபாமா, ஜார்ஜியா, ஒஹாயோ ஸ்டேட், ஓக்லஹோமா, கிளெம்ஸன் போன்ற பெரிய பெயர்கள் எல்லாம் அங்கே. மற்ற ஐந்துக்கு ‘குரூப் ஆஃப் ஃபைவ்’ என்று பெயர். தொலைக்காட்சி ஒப்பந்தப் பணத்தில் பெரும்பங்கு முதல் ஐந்துக்குப் போகும். விதிப்புத்தகத்தில் எல்லோரும் சமம்: அன்றைய விதிப்படி எந்தக் கல்லூரியும் 85 கால்பந்து வீரர்களுக்கு முழு உதவித்தொகை தரலாம். ஆனால் பள்ளியில் பெயர் வாங்கிய ஒரு பையன், லட்சம் பேர் உட்காரும் மைதானமா, பாதி காலியாகக் கிடக்கும் மைதானமா என்று பார்க்கும்போது எதைத் தேர்ந்தெடுப்பான்? பெரிய இடங்கள் ‘வேண்டாம்’ என்று தள்ளிவிட்ட பையன்களை வைத்துத்தான் சிறிய இடங்கள் அணி கட்டுகின்றன.

சென்ட்ரல் ஃப்ளோரிடாவும் மெம்ஃபிஸும் ‘அமெரிக்கன் அத்லெட்டிக்’ என்ற கான்ஃபரன்ஸில் இருந்தன. அது இரண்டாவது ஐந்தைச் சேர்ந்தது. முதலில் சொன்ன இறுதிப் போட்டி, இந்தக் கான்ஃபரன்ஸின் சாம்பியன் யார் என்று முடிவு செய்ய நடந்தது.

சென்ட்ரல் ஃப்ளோரிடாவில் மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. 60,000 பேருக்கு மேல் படிக்கும் பிரம்மாண்டமான பல்கலைக்கழகம் அது. ஆனால் 1963இல் தொடங்கப்பட்ட இளம் கல்லூரி. கால்பந்து அணி 1979இல்தான் வந்தது, அதுவும் மிகக் கீழ்த் தரத்தில். முதல் தரத்துக்கு ஏறியது 1996இல். பக்கத்திலேயே ஃப்ளோரிடா, ஃப்ளோரிடா ஸ்டேட், மயாமி என்று மூன்று பழைய ஜாம்பவான்கள் இருக்கும்போது நல்ல பையன்கள் இங்கே ஏன் வரப்போகிறார்கள்? வளாகத்திலேயே 2007இல் ஒரு மைதானம் கட்டினார்கள். எஃகுச் சட்டத்தில் எழுப்பியது. ரசிகர்கள் சேர்ந்து குதித்தால் கட்டடமே ஆடும். அதனால் அதற்குத் ‘துள்ளும் வீடு’ என்ற பொருளில் ஒரு செல்லப்பெயர் உண்டு.

இந்த அணி 2013இல் 12 ஆட்டங்களில் ஜெயித்து ஊரை வியக்க வைத்தது. இரண்டே ஆண்டில், 2015இல், ஆடிய 12 ஆட்டங்களிலும் தோற்றது. பெரிய புரோகிராமுக்கு ஒரு மோசமான ஆண்டு வந்தால் ஏழெட்டு ஆட்டத்தில் ஜெயிக்கும். அடுத்த ஆண்டு சமாளித்துக்கொள்ளும். சிறியதற்கு அடியில் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. விழுந்தால் பாதாளம்தான்.

மெம்ஃபிஸ் பார்த்த பாதாளமும் ஆழமானது. 2010, 2011 இரண்டு ஆண்டும் சேர்த்து 24 ஆட்டங்களில் ஜெயித்தது மூன்றே மூன்று. அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறி, 2017இல் பவர் ஃபைவைச் சேர்ந்த யூசிஎல்ஏவை 48-45 என்று வென்று, மொத்தம் 10 வெற்றி, ஒரு தோல்வியுடன் இறுதிப் போட்டிக்கு வந்தது. அந்த ஒரு தோல்வியும் சென்ட்ரல் ஃப்ளோரிடாவிடம் வாங்கியதுதான்.

இப்படிப்பட்ட இரண்டு கல்லூரிகள் ஓர் இறுதிப் போட்டியில் சந்திக்கும்போது திடலில் யார் யாரெல்லாம் நிற்கிறார்கள் என்று பார்த்தால் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும். ஒவ்வொருவருக்கும் பின்னால், எங்கோ யாரோ ‘இவன் வேண்டாம்’ என்று சொன்ன ஒரு கதை இருக்கிறது.

சென்ட்ரல் ஃப்ளோரிடாவின் ஷக்கீம் கிரிஃபின் தடுப்பாட்டக்காரர். அவருக்கு இடது கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லை. கருவில் இருக்கும்போதே ஒரு திசு இழை சுற்றிக்கொண்டதால் அந்தக் கை சரியாக வளரவில்லை. தொட்டாலே உயிர் போகும் வலி. நான்கு வயதில் ஓர் இரவு, வலி பொறுக்காமல், சமையலறைக் கத்தியால் தானே விரல்களை வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறான் அந்தக் குழந்தை. தாய் பார்த்துவிட்டார். அதன் பிறகு அறுவைச் சிகிச்சையில் கையை எடுத்துவிட்டார்கள். அவருக்கு ஷக்கீல் என்று ஓர் இரட்டைச் சகோதரர். அவரும் கால்பந்து வீரர். கல்லூரிகள் ஷக்கீலை மட்டும் கேட்டன. தம்பி இல்லாமல் எங்கும் வரமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். இருவருக்கும் சேர்த்து இடம் தர முன்வந்தது சென்ட்ரல் ஃப்ளோரிடா. அங்கும் ஷக்கீம் சில ஆண்டுகள் வெளியேதான் உட்கார்ந்திருந்தார். 2016இல் புதுப் பயிற்சியாளர்கள் வந்து வாய்ப்புக் கொடுத்தார்கள். அந்த ஆண்டே கான்ஃபரன்ஸின் சிறந்த தடுப்பாட்டக்காரர் என்ற விருது அவருக்குக் கிடைத்தது.

குவார்ட்டர்பேக் மெக்கென்ஸி மில்டன் ஹவாய்த் தீவைச் சேர்ந்தவர். அந்த இடத்துக்கு உயரமான, கட்டுமஸ்தான ஆளைத்தான் எல்லோரும் தேடுவார்கள். மில்டன் அப்படி இல்லை. வேகமாக யோசிப்பதும் ஓடிக்கொண்டே எறிவதும்தான் அவருடைய பலம்.

எதிர்ப்பக்கம் மெம்ஃபிஸில் ஆன்டனி மில்லர். அதே ஊர்க்காரர், பந்து பிடிப்பவர். அவர் ‘வாக்-ஆன்’ ஆக அணிக்குள் வந்தவர். உதவித்தொகை கிடையாது, அழைப்பும் கிடையாது. சொந்தச் செலவில் கல்லூரியில் சேர்ந்து, “நானும் ஆடிப் பார்க்கிறேன்” என்று வந்து நிற்பவர்களுக்கு அந்தப் பெயர். பிறகு அந்தக் கல்லூரியின் வரலாற்றிலேயே சிறந்த பந்து பிடிப்பவர்களில் ஒருவராகப் பேர் வாங்கினார்.

சென்ட்ரல் ஃப்ளோரிடாவின் பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்ட். எல்லா ஆட்டத்திலும் தோற்ற அணியை 2015 இறுதியில் கையில் எடுத்தார். 2016இல் 6 வெற்றி, 7 தோல்வி. 2017இல் தோல்வியே இல்லை. அந்த ஆண்டு வழியெல்லாம் இடைஞ்சல். செப்டம்பரில் இர்மா சூறாவளி ஃப்ளோரிடாவைத் தாக்கியது. மெம்ஃபிஸுடன் நடக்கவிருந்த ஆட்டம் மாதக் கடைசிக்குத் தள்ளிப்போனது. அதில் 40-13 என்று ஜெயித்தார்கள். மீட்புப் பணிக்கு வந்த தேசியக் காவல் படை வளாகத்தில் முகாமிட்டதால், பவர் ஃபைவைச் சேர்ந்த ஜார்ஜியா டெக் அணியுடனான ஆட்டம் ரத்தாகியே போனது. இந்த ரத்து பின்னால் அவர்களுக்கு எதிராகவே நிற்கப்போகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இறுதிப் போட்டிக்கு எட்டு நாள் முன்பு, பக்கத்து ஊர் எதிரியான சவுத் ஃப்ளோரிடாவுடன் ஆட்டம். கடைசி இரண்டு நிமிடத்துக்குள் எதிரணி 42-42 என்று சமன் செய்துவிட்டது. மைதானம் உறைந்துபோனது. சமன் செய்த அணி அடுத்ததாகப் பந்தை உதைத்துக் கொடுக்க வேண்டும். உதைத்தார்கள். மைக் ஹ்யூஸ் தன் எல்லைக்கு அருகில் அதைப் பிடித்து, 95 கஜம், அதாவது கிட்டத்தட்ட திடல் முழுவதும் ஓடி டச்டவுன் போட்டார். 49-42. தோல்வியே இல்லாத ஆண்டு அன்றைக்கு அந்த ஓர் ஓட்டத்தில்தான் தப்பியது.

பிறகு டிசம்பர் 2. இரண்டு அணிகளும் அன்று சேர்ந்து 1,400 கஜத்துக்கு மேல் முன்னேறின. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் 400 கஜம் போனாலே நல்ல தாக்குதல் என்பார்கள். அதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தடுப்பவர்களால் யாரையும் தடுக்க முடியவில்லை. மில்டன் எறிந்தே 494 கஜம் கடந்தார், 5 டச்டவுன். மெம்ஃபிஸின் குவார்ட்டர்பேக் ரைலி ஃபெர்குசனும் சளைக்கவில்லை. அழைப்பில்லாமல் வந்த அந்த ஆன்டனி மில்லர் 14 முறை பந்தைப் பிடித்தார், 3 டச்டவுன். முழு நேரம் முடிந்தபோது 48-48.

கல்லூரிக் கால்பந்தில் கூடுதல் நேரம் என்பது கடிகாரம் வைத்து ஆடுவது கிடையாது. அன்றைய விதிப்படி, ஒவ்வோர் அணிக்கும் எதிரணி எல்லையிலிருந்து 25 கஜத்தில் பந்தைக் கொடுப்பார்கள். நீ ஒரு முறை முயற்சி செய், பிறகு அவன் ஒரு முறை. யார் கூடுதலாக எடுக்கிறார்களோ அவர்களுக்கு ஆட்டம். சமமானால் மறுபடியும் ஒரு சுற்று, இந்த முறை முதலில் ஆடியவர் இரண்டாவதாக. ஒவ்வொரு தப்பும் கடைசித் தப்பாக இருக்கக்கூடிய ஏற்பாடு இது.

முதல் சுற்றில் இரண்டு பக்கமும் டச்டவுன். 55-55. இரண்டாம் சுற்றில் சென்ட்ரல் ஃப்ளோரிடா முதலில் ஆடி டச்டவுன் போட்டது, 62. இப்போது மெம்ஃபிஸ் எல்லையைத் தொட்டே ஆக வேண்டும். நெருங்கியும் வந்துவிட்டது. ஃபெர்குசன் எறிந்தார். அன்று முழுக்க அடி வாங்கிக்கொண்டிருந்த தடுப்பாட்டத்திலிருந்து ட்ரே நீல் குறுக்கே பாய்ந்து, எல்லைக்கோட்டின் அருகே பந்தைப் பறித்துக்கொண்டார். ஆட்டம் முடிந்தது. ரசிகர்கள் திடலுக்குள் இறங்கினார்கள்.

அதே நாளில்தான் ஃப்ராஸ்ட் வேறு கல்லூரிக்குப் போகிறார் என்ற செய்தியும் வந்தது. அவர் படித்த, விளையாடிய நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 7 ஆண்டுகளுக்கு 3.5 கோடி டாலர் சம்பளம் பேசி அழைத்திருந்தது. சிறிய புரோகிராம்களின் பெரிய துயரம் இதுதான். தோற்றால் கூட்டம் வராது; ஜெயித்தால் ஜெயிக்க வைத்தவரைப் பெரிய இடம் தூக்கிக்கொண்டு போய்விடும். அந்தப் பையன்கள் கோப்பையைத் தூக்கிய மணி நேரத்திலேயே தங்கள் பயிற்சியாளருக்கு விடையும் கொடுக்க வேண்டியிருந்தது.

சரி, அந்தக் கோப்பையை வென்றதால் கிடைத்தது என்ன? இங்கேதான் ஏற்பாட்டின் முடிச்சு இருக்கிறது.

2014 முதல் 2023 வரை தேசிய சாம்பியனை முடிவு செய்த முறை இப்படி: 13 பேர் கொண்ட ஒரு தேர்வுக் குழு உட்கார்ந்து அணிகளை வரிசைப்படுத்தும். முதல் நான்கு அணிகள் மட்டும் அரையிறுதி, இறுதி என்று ஆடும். கான்ஃபரன்ஸில் சாம்பியனானவருக்கு இடம் நிச்சயம் என்ற விதி கிடையாது. எத்தனை ஜெயித்தார்கள் என்பதோடு, யாரை ஜெயித்தார்கள் என்பதையும் குழு எடைபோடும். இறுதிப் போட்டிக்கு மறுநாள் வந்த பட்டியலில் கிளெம்ஸன், ஓக்லஹோமா, ஜார்ஜியா, அலபாமா முதல் நான்கு இடங்களில் இருந்தன. 12க்கு 12 ஜெயித்திருந்த சென்ட்ரல் ஃப்ளோரிடா 12ஆவது இடம். மூன்று ஆட்டத்தில் தோற்ற ஆபர்ன் 7ஆவது இடத்தில் இருந்தது. நான்காவதாக வந்த அலபாமா தன் கான்ஃபரன்ஸின் இறுதிப் போட்டிக்கே தகுதி பெறாத அணி.

எதிராளிகள் பலவீனமானவர்கள் என்று குழு காரணம் சொன்னால், அதில் உண்மை இல்லாமல் இல்லை. வாரா வாரம் ஜார்ஜியாவையும் ஆபர்னையும் எதிர்கொள்வது ஒன்று, குரூப் ஆஃப் ஃபைவ் அணிகளை எதிர்கொள்வது வேறு. ஆனால் பலமான எதிராளியைத் தேடிப் போக சிறிய கல்லூரிக்கு வழி எங்கே இருக்கிறது? எட்டு ஆட்டங்கள் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே போய்விடும். மிச்சம் நான்கு, அவற்றைப் பல ஆண்டுகள் முன்பே பேசி முடித்துவிடுவார்கள். பெரிய கல்லூரிகள் சிறிய கல்லூரியின் மைதானத்துக்குப் போய் ஆட விரும்புவதில்லை. ஜெயித்தால் பெருமை இல்லை, தோற்றால் மானம் போய்விடும். “பணம் தருகிறோம், எங்கள் ஊருக்கு வந்து அடி வாங்கிக்கொண்டு போங்கள்” என்பதுதான் வழக்கமான பேரம். சென்ட்ரல் ஃப்ளோரிடாவுக்கு அந்த ஆண்டு இரண்டு பெரிய எதிராளிகள் இருந்தார்கள். மேரிலாந்தை 38-10 என்று அதன் ஊரிலேயே வென்றார்கள். ஜார்ஜியா டெக் ஆட்டத்தைச் சூறாவளி கொண்டுபோயிற்று. பலமானவர்களோடு ஆடவில்லை என்று அவர்களைக் குற்றம் சொல்வது, பந்தியில் இலையே போடாமல் “நீ ஏன் சாப்பிடவில்லை” என்று கேட்பதைப் போன்றது.

ஆகவே குரூப் ஆஃப் ஃபைவ் அணிக்குத் தன் கான்ஃபரன்ஸின் இறுதிப் போட்டிதான் கைக்கு எட்டும் உச்சம். அதிலும் ஒரு சிறு கதவு வைத்திருந்தார்கள். இந்த ஐந்து கான்ஃபரன்ஸ்களின் சாம்பியன்களில் தரவரிசையில் முந்தி நிற்பவருக்கு, புத்தாண்டையொட்டி நடக்கும் பெரிய ‘பவுல்’ ஆட்டம் ஒன்றில் இடம் நிச்சயம். பவுல் என்பது பருவம் முடிந்த பிறகு நடக்கும் தனி ஆட்டம்; ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு பாரம்பரியம். ஆர்லாண்டோவில் இரண்டு கூடுதல் நேரச் சுற்றுகள் வரை அந்தப் பையன்கள் மல்லுக்கட்டியது இந்த ஓர் இடத்துக்காகத்தான்.

கிடைத்தது பீச் பவுல். 2018 ஜனவரி 1, அட்லாண்டா. எதிராளி ஆபர்ன். இந்த ஆபர்ன் அதே பருவத்தில் ஜார்ஜியாவை 40-17 என்றும் அலபாமாவை 26-14 என்றும் வென்றிருந்தது. ஃப்ராஸ்ட் நெப்ராஸ்காவில் பதவி ஏற்ற பிறகும், இந்த ஓர் ஆட்டத்துக்காகத் திரும்பி வந்து அணியோடு நின்றார். சென்ட்ரல் ஃப்ளோரிடா 34, ஆபர்ன் 27. ஒரு கை இல்லாத ஷக்கீம் கிரிஃபின்தான் அன்று சிறந்த தடுப்பாட்டக்காரர்.

ஒரு வாரம் கழித்து, அதே அட்லாண்டா மைதானத்தில் தேசிய இறுதிப் போட்டி. ஆடியவர்கள் அலபாமாவும் ஜார்ஜியாவும். இரண்டையும் வென்ற ஆபர்னைத் தோற்கடித்த அணி வீட்டில் உட்கார்ந்திருந்தது. அலபாமா கூடுதல் நேரத்தில் 26-23 என்று ஜெயித்துச் சாம்பியன் ஆனது.

அலபாமாவோடு ஆடியிருந்தால் சென்ட்ரல் ஃப்ளோரிடா ஜெயித்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். வீரர்களின் பலத்தைப் பார்த்தால் அலபாமா ஒரு படி அல்ல, பல படி மேலே. ஆனால் ஆடிப் பார்க்க விட்டிருக்க வேண்டும். ஆட்டம் என்று ஒன்று வைப்பதே, காகிதத்தில் தெரியும் பலமும் திடலில் தெரியும் பலமும் ஒன்றுதானா என்று பார்க்கத்தானே?

இதற்குப் பிறகு நடந்ததுதான் புதியவர்களை அசர வைக்கும். சென்ட்ரல் ஃப்ளோரிடாவின் விளையாட்டு இயக்குநர் டேனி வைட், நாங்களே தேசிய சாம்பியன் என்று அறிவித்தார். மைதானத்தில் பதாகை ஏறியது. டிஸ்னி வேர்ல்டில் அணிவகுப்பு நடந்தது. நாடு முழுவதும் பலர் சிரித்தார்கள். ஆனால் அந்த உரிமைகோரலை முழுதாகத் தள்ளிவிட முடியாது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு, முதல் தரக் கால்பந்துக்கு மட்டும் சாம்பியன் போட்டி நடத்துவதே இல்லை. இரண்டாம் நிலைக் கால்பந்துக்கு 1978 முதல் முறையான நாக் அவுட் போட்டியை நடத்துகிறது, கூடைப்பந்துக்கு நடத்துகிறது, இதற்கு மட்டும் கிடையாது. இந்த உச்சத் தரத்தில் சாம்பியன் யார் என்பது பல காலம் வெறும் கருத்தாகவே இருந்தது. பத்திரிகையாளர்கள் 1936 முதல் வாக்களித்து ஒருவரைச் சொல்வார்கள். 1950 முதல் பயிற்சியாளர்களும் வாக்களித்து ஒருவரைச் சொல்வார்கள். சில ஆண்டுகளில் இரண்டும் வேறு வேறாக இருக்கும். 1997இல் பத்திரிகையாளர்கள் மிச்சிகனைச் சொன்னார்கள், பயிற்சியாளர்கள் நெப்ராஸ்காவைச் சொன்னார்கள். இரண்டு கல்லூரிகளும் இன்றுவரை தங்களைச் சாம்பியன் என்றே எழுதிக்கொள்கின்றன. அந்த நெப்ராஸ்கா அணியின் குவார்ட்டர்பேக் யார் தெரியுமா? இதே ஸ்காட் ஃப்ராஸ்ட்.

வாக்குகளோடு சில கணிதத் தரவரிசைகளையும் என்சிஏஏ தன் ஆவணத்தில் அங்கீகரித்துப் பதிவு செய்கிறது. அவற்றில் ஒன்று கோலி மேட்ரிக்ஸ். வெஸ்லி கோலி என்ற வானியற்பியலாளர் உருவாக்கியது. வெற்றி தோல்விகளையும் எதிராளியின் பலத்தையும் மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளும், கல்லூரியின் பெயரைப் பார்க்காது. 2017 பருவத்தின் முடிவில் அது முதலிடம் தந்தது சென்ட்ரல் ஃப்ளோரிடாவுக்கு. அதனால் என்சிஏஏ ஆவணத்தில் அந்த ஆண்டுக்கு எதிரே அலபாமாவின் பெயரோடு இந்தப் பெயரும் ஏறியிருக்கிறது.

அடுத்த ஆண்டும் சென்ட்ரல் ஃப்ளோரிடா விடாமல் ஜெயித்தது. வெற்றி வரிசை 25 ஆட்டம்வரை நீண்டு, 2019 ஜனவரி 1 அன்று எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணியிடம் முடிந்தது. அப்போதும் நான்கில் ஒன்றாக அதைச் சேர்க்கவில்லை. நான்கு அணி முறை நடந்த 10 ஆண்டில் குரூப் ஆஃப் ஃபைவிலிருந்து உள்ளே போனது 2021இல் சின்சினாட்டி மட்டும்தான். அலபாமாவிடம் 27-6 என்று தோற்றது. 2024 முதல் நான்கு அணிகள் 12 ஆகின. தரவரிசையில் முந்தி நிற்கும் ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் நிச்சயம் என்று விதி வந்தது. பெரிய கான்ஃபரன்ஸ்கள் இன்று நான்குதான் என்பதால், எளியவர்களில் ஒருவருக்காவது இலை போட்டாக வேண்டும். முதல் ஆண்டில் அந்த இடத்தில் உட்கார்ந்தது ஐடஹோ மாநிலத்தின் பாய்சி ஸ்டேட்.

சென்ட்ரல் ஃப்ளோரிடா 2023இல் பிக் 12 என்ற பெரிய கான்ஃபரன்ஸுக்கே மாறிவிட்டது. ஃப்ராஸ்டுக்கு நெப்ராஸ்கா ஒத்துவரவில்லை. 2022இல் பதவி போனது. 2024 டிசம்பரில் அவரை மறுபடியும் ஆர்லாண்டோவுக்கே அழைத்துக்கொண்டார்கள்.

மெம்ஃபிஸ்? 2018இல் மறுபடியும் அதே கான்ஃபரன்ஸ் இறுதிப் போட்டி, மறுபடியும் ஆர்லாண்டோ, மறுபடியும் சென்ட்ரல் ஃப்ளோரிடா. முழங்காலில் படுகாயம்பட்டு மில்டன் ஆடாத நிலையிலும் மெம்ஃபிஸ் 56-41 என்று தோற்றது. மூன்றாம் முறையாக 2019இல் இறுதிக்கு வந்து, இந்தத் தடவை சொந்த ஊரில், சின்சினாட்டியை 29-24 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள். மறுநாள் அவர்களுடைய பயிற்சியாளர் மைக் நார்வெல் ஃப்ளோரிடா ஸ்டேட்டில் சேர்ந்துவிட்டார்.